முதலில் நோயின் பெயரைக் கேளுங்கள்!



கடியப்பட்டணத்தில் ஒரு வீட்டில் இருபது வயது இளைஞன் ஒருவன் மெல்ல மெல்ல யாரோடும் பேசாமல் ஆகிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தூக்கம் இல்லை. தனக்குத்தானே பேசுகிறான். சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளி விடுகிறான். வீட்டார் என்ன செய்வார்கள்?

முதலில் வெளியே தெரியாமல் மறைப்பார்கள். பிறகு தண்ணீர் ஓதி வாங்குவார்கள். அடுத்து தாயத்து. "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார். "ஜின் பிடித்திருக்கிறது" என்று இன்னொருவர் சொல்வார். "ஒரு கல்யாணத்தை முடித்து வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மூன்றாமவர் சொல்வார். கடைசியில் வாடகைக்கு வண்டி பிடித்து, குமரி மாவட்டத்தைத் தாண்டி, நெல்லையையும் தூத்துக்குடியையும் தாண்டி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக்குப் போவார்கள்.

போகிற வழியில்தான் நாகர்கோவில் இருக்கிறது. அதை ஒட்டி ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மட்டும் வண்டி நிற்பதில்லை!

ஏன்? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கடையில் நட்டம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? முதலில் கணக்கு நோட்டைப் புரட்டுகிறீர்கள். கொள்முதலில் தவறா, கடனில் கொடுத்தது வரவில்லையா, கல்லாவில் கை வைக்கிறார்களா என்று தேடுகிறீர்கள். காரணம் தெரியாமல் கடையை இழுத்துப் பூட்டுவதில்லை. பெற்ற பிள்ளையின் மனம் நோய்ப்பட்டால் மட்டும் காரணம் தேடாமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, இது என்ன நியாயம்?

ஏர்வாடி சொன்ன பாடம்

2001 ஆகஸ்ட் 6. அதிகாலை நேரம். ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற தனியார் விடுதியின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தீ வருவதைக் கண்டார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. ஏர்வாடியில் இயங்கிய இத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் சேர்க்கப்பட்டார்கள். விடுதி நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

விடுதிக்காரரைத் தண்டித்தது சரி. ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டு போய் விட்டது யார்? பெற்றோர், உடன்பிறந்தவர்கள், கணவன்மார். அவர்கள் எல்லாரும் கொடியவர்களா? இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். பிள்ளைக்கு என்ன நோய் என்று உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாதவர்கள்.

தர்காவுக்குப் போவது சரியா தவறா என்ற வாதத்தை இந்தக் கட்டுரையில் எடுக்கவில்லை. அது ஆலிம்களின் அவையில் நடக்கட்டும். ஆனால் எந்தக் கருத்துடையவராக இருந்தாலும் ஒன்றில் நாம் ஒத்துப்போகலாம்: நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பது பாவம்! நோயைத் தெரிந்துகொள்ளாமலே பிணைப்பது அதைவிடப் பெரிய பாவம்!

யார் இந்த உளவியலாளர்?

மனநலத் துறையில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். படித்து, அதற்குமேல் மனநோய் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவார், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார். மற்றொருவர் மருத்துவ உளவியலாளர். ஆங்கிலத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பார்கள். இவர் மாத்திரை எழுத மாட்டார். நோய் இன்னதென்று சோதித்து அறிவது ஒரு வேலை. பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துவது இரண்டாவது வேலை. இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் பல நோய்களுக்கு முழுச் சிகிச்சை கிடைக்கும்.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்" என்று இவரை ஒதுக்குகிறவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1896-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உலகின் முதல் உளவியல் மருத்துவ மனையைத் தொடங்கினார். அவரிடம் வந்த முதல் ஆள் யார் தெரியுமா? எழுத்துக்கூட்டத் தெரியாமல் திணறிய ஒரு பள்ளிக்கூடப் பையன்! அவனுடைய ஆசிரியை அழைத்து வந்தார். விட்மர் அவனை முட்டாள் என்று திருப்பி அனுப்பவில்லை. முதலில் கண்ணைச் சோதித்தார். பார்வைக் குறை இருந்தது. கண்ணாடி போட வைத்தார். பிறகு எழுத்தைப் பார்த்து நினைவில் வைப்பதில் உள்ள குறையைக் கண்டறிந்து பயிற்சி கொடுத்தார். இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான்.

நம் நாட்டில் 1955-ல் பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில், இதற்கான படிப்பு தொடங்கியது. உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்தே இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி பெறுவது என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த தகுதி. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும்.

வணிகர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரக்கு வாங்கும்போது முத்திரையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதேபோல் இங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். மூன்று மாதச் சான்றிதழை மாட்டிக்கொண்டு 'கவுன்சலிங்' பலகை தொங்கவிட்டிருப்பவர் எல்லாம் மருத்துவ உளவியலாளர் அல்லர்.

சோதனை என்றால் என்ன?

தலையில் கம்பி சுற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எதிரே உட்கார வைத்துப் பேசுவார். எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா, போதைப் பழக்கம் உண்டா என்று கேட்பார். வீட்டாரிடம் தனியே கேட்பார். நோயாளியிடம் தனியே கேட்பார். பிறகு தேவையைப் பொறுத்துச் சோதனைகள்: கேள்விகள், கட்டைகள், படங்கள், கணக்குகள், நினைவாற்றல் பயிற்சிகள். குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்க பினே–காமத் சோதனை, மாலின் சோதனை என்று நம் நாட்டுக்கு ஏற்ப ஆக்கப்பட்டவை இருக்கின்றன. கடைசியில் எழுத்து மூலம் ஓர் அறிக்கை தருவார்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? இரண்டு உதாரணம் பாருங்கள்.

முதலாவது, நம் சமுதாயத்தில் வீட்டுக்கு வீடு நடப்பது. பையன் எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டான். தமிழைக்கூடத் தடுமாறிப் படிக்கிறான். ஆனால் கடையில் உட்கார்ந்தால் மனக்கணக்கில் புலி. வாடிக்கையாளரிடம் பேசுவதில் கெட்டிக்காரன். வாப்பா என்ன சொல்கிறார்? "இவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில் போடு. பதினெட்டு ஆனதும் வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாம்." அத்தோடு ஒரு பிள்ளையின் கல்விக் கணக்கு முடிந்தது!

அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவில் குறை இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்க்கும் இடத்தில்தான் சிக்கல். சோதித்து அறிந்தால் தனிப் பயிற்சி கொடுக்கலாம். உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், மொழிப்பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளைத் தமிழ்நாட்டில் பெறலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தச் சலுகையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பெற்றிருக்கிறார்கள்? நமக்குத் தெரிந்திருந்தால் அல்லவா கேட்பதற்கு!

அறிவுச் சோதனையை 1905-ல் பாரிஸ் நகரில் பினே உருவாக்கியதே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். 'மக்கு' என்று முத்திரை குத்த அல்ல. முத்திரை குத்துவதை நாம் சோதனையே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, வஸ்வாஸ். உளூச் செய்ய உட்கார்ந்தவர் அரைமணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுகிறார். தக்பீர் கட்டிவிட்டு, நிய்யத் சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் விட்டுவிட்டு மீண்டும் கட்டுகிறார். ஜமாஅத் முடிந்துவிடுகிறது, இவர் இன்னும் முதல் ரக்அத்திலேயே நிற்கிறார். "எவ்வளவு பேணுதலான மனிதர்!" என்று ஊர் பாராட்டுகிறது. அவரோ உள்ளுக்குள் வெந்து சாகிறார்.

எல்லாருக்கும் எப்போதாவது வரும் சந்தேகத்தைச் சொல்லவில்லை. அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கு முற்றியதைச் சொல்கிறேன். அதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர், ஓ.சி.டி. என்பார்கள். ஈமானின் பலவீனமும் அல்ல, பேணுதலும் அல்ல. இதற்குத் தெளிவான சிகிச்சை உண்டு. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட முறை அது. எது பயமூட்டுகிறதோ அதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைத்து, மீண்டும் கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்குவது. முதலில் படபடப்பு ஏறும். காத்திருந்தால் தானே இறங்கும். இறங்குகிறது என்பதை மனம் கற்றுக்கொள்ளும்போது நோயின் பிடி தளர்கிறது. இதில் மார்க்கமும் துணைக்கு வருகிறது. மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டாம் என்று எல்லை போட்டுத் தந்திருக்கும்போது, விவரமறிந்த ஓர் ஆலிமும் ஓர் உளவியலாளரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தச் சகோதரருக்குப் பாதி பாரம் குறைந்துவிடும்.

பேசினால் தீருமா?

"உட்கார்ந்து பேசுவதற்குக் காசா? நாங்களும்தான் டீக்கடையில் பேசுகிறோம்" என்று கேலி பேசுவோர் உண்டு. டீக்கடையில் நாம் செய்வது அறிவுரை. "மனசைத் தளர விடாதே", "எல்லாம் நம் கையில் இல்லை", "அவனைப் பார், அவனுக்கு உன்னைவிடப் பெரிய கஷ்டம்" என்பவைதான் நம் மருந்துகள். நோயாளி இவற்றை நூறு முறை கேட்டிருப்பார்.

உளவியலாளர் செய்வது வேறு. கடன் ஏறிப்போன ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் முடிந்துவிட்டது, நான் இருந்து பயனில்லை" என்ற எண்ணம் அவரை அரிக்கிறது. அந்த எண்ணம் எப்போது வருகிறது, அது வந்ததும் அவர் என்ன செய்கிறார், அதற்கு என்ன ஆதாரம் என்று உளவியலாளர் அவரையே எழுதச் சொல்வார். நட்டம் வேறு, நான் உதவாதவன் என்ற முடிவு வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார். கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தவரை முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் கடைவரை என்று நடக்க வைப்பார். வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் போகும். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த இந்த முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளக் கூடாது. அன்றைக்கே ஆள் தேட வேண்டும் என்பதையும் இந்தத் துறை நமக்குக் கற்றுத் தருகிறது.

குமரிக் கடற்கரைக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் புதைகுழிகளாயின. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மீனவச் சகோதரர்களைக் கடலோடு கொண்டு போயிற்று. பல வீடுகளுக்கு உடல்கூடத் திரும்பவில்லை. மய்யித்தைப் பார்த்து அழுதவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பார்க்காதவன் என்றைக்கு அழுவது? வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்க்கும் தாய்க்கு அரிசி மூட்டையும் காசோலையும் மட்டும் போதாது. மதம் எதுவானாலும் அந்தத் துயரம் ஒன்றுதான். கணவன் வளைகுடாவில், மனைவி இங்கே என்று ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் நம் குடும்பங்களின் மன அழுத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாம் மறந்த வரலாறு

இதெல்லாம் மேற்கத்திய சரக்கு, நமக்கு வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன்: அபூ ஸைத் அல்-பல்கீ. கி.பி. 934-ல் மறைந்த அறிஞர். உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். கோபம், கவலை, அச்சம், வஸ்வாஸ் என்று உள நோய்களைப் பிரித்தார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் கவ்வும் கவலை வேறு என்று கண்டார். வீட்டில் அவசர மருந்து வைத்திருப்பதுபோல், மனம் சோரும்போது எடுத்துக்கொள்ள நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். பெக் பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்!

1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 1354-ல் அலெப்போவில் கட்டப்பட்ட மருத்துவமனையில் அவர்கள் தங்கிய பகுதியில் நீரூற்று வைத்திருந்தார்கள். அன்று நீரூற்று அமைத்த சமுதாயம், 2001-ல் சங்கிலி வாங்கிக் கொடுத்தது! நெஞ்சு பொறுக்கிறதா?

நோய்க்கு மருந்து உண்டு, தேடிச் செய்துகொள்ளுங்கள் என்றுதானே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்? அதில் மனதின் நோய்க்கு விலக்கு எங்கே இருக்கிறது? துஆவும் மருந்தும் ஒன்றை ஒன்று தள்ளுபவை அல்ல. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா–துஆ' என்ற பெயரில் மருத்துவமும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்தார்கள். பின்னர் ஏர்வாடிக்கும் அந்த ஏற்பாடு வந்தது. ஓதிப் பார்க்கிறவரே, "இதை டாக்டரிடமும் காட்டுங்கள்" என்று அனுப்பி வைக்கிறார். முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் உங்கள் பக்கம்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியிடுவதை அது தடை செய்கிறது. நோயாளியின் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இருந்தும் 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் சங்கிலியிடப்பட்ட நோயாளிகளைப் பற்றி உச்சநீதிமன்றம் மீண்டும் பேச வேண்டி வந்தது. சட்டம் இருந்து என்ன செய்ய? அது நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டுமே!

நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. நோயைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. உங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு நிற்கும் ஸஃப்புகளை எண்ணிப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: ஜமாஅத் நிர்வாகிகளே! மாவட்ட மனநலத் திட்டக் குழுவை அணுகி, உங்கள் மஹல்லாவுக்கு ஒருநாள் அழையுங்கள். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். சர்க்கரை நோய் முகாம் நடத்துகிறோம். மனநல முகாமுக்கு மட்டும் ஏன் மண்டபம் கிடைப்பதில்லை?

இரண்டு: வணிகர்களே! சோதனைக்கும் வாராவாரம் போய் வரும் செலவுக்கும் வழியில்லாதவர்கள் நிறைய. பைத்துல்மாலில் அதற்கென ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் ஒடுங்கிப் போயிருந்தால், சம்பளத்தைப் பிடிக்கும் முன் என்னவென்று கேளுங்கள்.

மூன்று: இளைஞர்களே! பொறியியலும் கணினியும் மட்டும்தான் படிப்பா? உளவியல் படியுங்கள். குறிப்பாக நம் பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். மனம் நொந்த ஒரு பெண், வாய் திறந்து பேச இன்னொரு பெண்ணைத்தான் தேடுகிறாள். பாடத்திட்டங்கள் மாறிக்கொண்டிருப்பதால் சேரும் முன் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்கு: பெற்றோர்களே! நோயை மறைத்து நிக்காஹ் செய்து வைக்காதீர்கள். அது உங்கள் பிள்ளைக்கும் சிகிச்சை ஆகாது. வருகிற பிள்ளைக்கும் நீதி ஆகாது. சிகிச்சை பெற்று நலமாக இல்லறம் நடத்துவோர் எத்தனையோ பேர். மறைத்ததால் தலாக் வரை போன குடும்பங்களும் எத்தனையோ.

ஐந்து: ஒருவரும் அறியாமல் ஆலோசனை கேட்க வேண்டுமா? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி–மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நாளைக்கே எழுதி வையுங்கள்.

சகோதரர்களே! எல்லா மனநோயும் முற்றாகக் குணமாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சிலவற்றுக்குச் சர்க்கரை நோய்போல நெடுங்காலம் மருந்து வேண்டும். ஆனால் என்ன நோய் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. 'பைத்தியம்' என்பது இன்றைய மனநல மருத்துவத்தில் நோயின் பெயர் இல்லை. அது நாம் சூட்டிய பெயர். அந்தப் பெயரை எடுத்துவிட்டு, உண்மையான பெயரைக் கேட்டறிந்து வரும் பொறுப்பு நம்முடையது. ஏர்வாடித் தீயில் கருகிய 28 பேருக்காக அதை யாரும் செய்யவில்லை. இருப்பவர்களுக்காவது செய்வோம், இன்ஷா அல்லாஹ்!